உள்பக்கக் கைப்பிடி

முப்பத்தெட்டாவது தடவை இழுத்தபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இதை என்னவென்று சொல்வது? கதவு திறக்காமல் போய்விடக் கூடாதே என்ற ஒரே பயத்தில்தான் பல்செட்காரர் காலை ஒன்பது மணிக்குக் காருக்குள் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது ஓட்டுகிற இடத்தில் அல்ல, பக்கத்து இருக்கையில். மதியம் மூன்று மணிக்கு அவர் மனைவி வந்து உட்காரப்போகும் இருக்கை அது. கதவைச் சாத்தினார், உள்பக்கக் கைப்பிடியை இழுத்தார், திறந்தது. மறுபடி சாத்தினார், இழுத்தார், திறந்தது. பத்துத் தடவை போதாதா? போதாது அவருக்கு. ஐம்பது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. மெதுவாக, வேகமாக, இரண்டு விரலால், முழுக் கையால், கடைசியில் பதறிப்போன ஒருத்தி இழுப்பதுபோல வெடுக்கென்று. அந்த வெடுக்கில்தான் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நன்றாக இருந்ததைச் சோதித்துச் சோதித்தே உடைத்துவிட்டார் மனிதர்.

ஊரில் அவரைப் பல்செட்காரர் என்றால்தான் தெரியும். பல் பிடுங்குவது டாக்டர்கள் பாடு. பிடுங்கிய இடத்துக்கு வேறு பல் கட்டிக்கொடுப்பது இவர் பாடு. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். செட்டுகளைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பழைய காரை வாங்கினார். இதில் அவர் மனைவி ஒருநாளும் ஏறியதில்லை. இதில் என்றில்லை, நான்கு வருஷமாக எந்தக் காரிலும் ஏறியதில்லை. பஸ் என்றால், படிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் போவாள். கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்.

மகளுக்கு மலைமேல் அணைக்கட்டுக் குடியிருப்பில் வீடு. மருமகனுக்கு அங்கே மின்நிலையத்தில் வேலை. பஸ் அடிவாரம் வரைக்கும்தான். அதற்கு மேலே கார் இருந்தால் உண்டு. மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரமாகிவிட்டது. மகளைப் பெற்றவள் இன்னும் குழந்தையின் முகத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். மகள் தினமும் கூப்பிட்டாள், அழுதாள், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் மனைவி தானாகவே வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"நாளைக்கு மூணு மணிக்குக் கிளம்பலாம். முன் சீட்டுலயே உக்காந்து வர்றேன். இந்தத் தடவை முடியாமப் போச்சுன்னா இனிமே என்னை யாரும் கூப்பிடக் கூடாது" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், இரண்டாவது பேச்சு கிடையாது.

அந்த நான்கு வருஷக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்போது அவர்களிடம் இரண்டே கதவுள்ள வேறொரு கார் இருந்தது. அதிலும் பக்கத்து இருக்கைக் கதவின் உள்பக்கக் கைப்பிடிதான் உடைந்தது. வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளேயிருந்து முடியாது. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். மனைவிக்குத் தெரிந்தால் நச்சரித்தே கொன்றுவிடுவாள் என்பதால் ஒரு தந்திரம் செய்தார். வண்டி நின்றதும் மறுபக்கம் ஓடிவந்து கதவை வெளியிலிருந்து திறப்பார். "மகாராணி இறங்கலாம்" என்று குனிந்து நிற்பார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், ஆனால் உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் இந்த மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று தங்கையிடம், பக்கத்து வீட்டில், மகளிடம், எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனாள். இரண்டு மாதம் இந்த நாடகம் நடந்தது. அரை மணி நேர வேலை அது. அதைச் செய்யாமல் இரண்டு மாதம் குனிந்து நின்றார் பாருங்கள், நினைத்தால் நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் அந்த மழை நாள். தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க அவர் மட்டும் இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் வெள்ளம் காரை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய், ஓட்டுகிற பக்கத்துக் கதவை ஒரு கல்தூணோடு அழுத்தி நிறுத்திவிட்டது. எஞ்சின் அணைந்துபோனது, கண்ணாடியும் இறங்கவில்லை. அவள் பக்கத்துக் கதவு ஒன்றுதான் மிச்சம். அவள் கைப்பிடியை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முதலில் முழங்காலுக்கு, அப்புறம் இடுப்புக்கு, அப்புறம் மார்புக்கு வந்தது. வெள்ளத்தின் இழுப்பைச் சமாளித்துச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கதவைத் திறக்க ஆறு நிமிஷம் ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தண்ணீர் அழுத்தத்தில் கதவு மாட்டிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னார். வாய் கூசாமல் சொன்னார். யார் சந்தேகப்படப்போகிறார்கள்? அவள் மட்டும் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். அவர் வெளியிலிருந்து திறந்த கதவு தன் கைக்கு மட்டும் திறக்கவில்லை, ஆகவே குறை தன் கையில்தான். அன்றிலிருந்து நிறைந்த வாளியைத் தூக்கப் பயம், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கப் பயம். ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை வாங்கி, காலையும் மாலையும் அமுக்கி அமுக்கிக் கைக்குப் பலம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நான்கு வருஷமாக. குழந்தை பிறந்த அன்றைக்கு, எப்போம்மா வருவாய் என்று மகள் போனில் கேட்டாள். அதற்கு அவள் சொன்ன பதில் பக்கத்தில் நின்ற பல்செட்காரர் காதிலும் விழுந்தது.

"வந்து? என் கையை நம்பி யாருடி குழந்தையைக் குடுப்பா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒரு நாள் பொய்யென்றால் மறுநாள் சொல்லிவிடலாம். ஒரு மாதப் பொய்யை ஒரு மாதிரி சமாளிக்கலாம். நான்கு வருஷப் பொய்யை எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

இப்போது உடைந்த கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். வண்டியில் ஏறியதும் அவள் முதலில் தொடப்போவது இதைத்தான். தொட்டு, இழுத்து, திறக்காமல் போனால் அவ்வளவுதான். மகள் வீடும் இல்லை, குழந்தையும் இல்லை, அந்தப் பந்தும் கையுமாகவே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

பின்கதவுக் கைப்பிடியைக் கழற்றி மாட்டலாம் என்று பார்த்தார். அது வேறு அளவு, திருகாணித் துளைகூட ஒத்து வரவில்லை. உதிரி பாகக் கடைக்காரனுக்குப் போன் போட்டார். புதன்கிழமை வரும் என்றான். மெக்கானிக்குக்குப் போட்டார். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதுக்குப் போய் ஏண்ணே பதறுறீங்க? நீங்களே ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிடுங்க. வீட்டுக்காரம்மா சந்தோஷப்படுவாங்க."

அவர் சட்டென்று போனை வைத்தார்.

சரி, ஊரார் பல்லையெல்லாம் ஒட்டுகிறவன் இதை ஒட்ட மாட்டேனா என்று ஒரு ரோஷம் வந்தது. கதவுக்குள் தங்கிவிட்ட உடைந்த துண்டையும் கழற்றி, கைப்பிடியோடு சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் புகுந்தார். விளக்கைப் போட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக். அதன் பின்புறம் காது மாதிரி ஒரு சின்ன முனை. கதவைத் திறக்கிற கம்பி மாட்டுவது அந்தக் காதில்தான். அந்தக் காது அடியோடு விட்டுப்போயிருந்தது. ஒரு பல் அளவுகூட இருக்காது அந்தத் துண்டு. அதில்தான் அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

பல்செட் ஒட்டுகிற மருந்து ஒரு பொடியும் ஒரு திரவமும். இரண்டும் சேர்ந்தால் முதலில் ஈரமணல், பிறகு களி, பிறகு கல். எல்லாப் பிளாஸ்டிக்கிலும் அது பிடிக்காது. கைப்பிடியின் மூலையில் ஒரு சொட்டுத் திரவத்தை விட்டு ஊதிப் பார்த்தார். மேல்தோல் லேசாக இளகியது. பிடிக்கும். போன உயிர் பாதி திரும்பி வந்தது. ஆனால் நிறமில்லாத பொடி தீர்ந்துபோயிருந்தது, இருந்தது ஈறு கட்டுகிற ரோஸ் பொடி மட்டும்தான். ரோஸானால் என்ன, பின்பக்கம்தானே, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உடைந்த காதை அதன் இடத்தில் மெழுகால் நிறுத்தி, பிளாஸ்டர் குழைத்து அச்சு எடுத்தார். அச்சு இறுகியதும் பிரித்து, உடைந்த விளிம்புகளைச் சுழல்கருவியால் சரிவாகச் சீவி, சொரசொரப்பாக்கினார். பல்லைப் பிடித்து நிறுத்துகிற எஃகுக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, முதுகெலும்பு மாதிரி உள்ளே வைத்தார். பொடியைத் தூவித் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

மனைவி டீயோடு நின்றாள். இன்றைக்கு லீவு என்றீர்களே, அப்புறம் என்ன இந்த நாற்றம் என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. தோளை அகல விரித்து மேஜையை மறைத்துக்கொண்டார். ஒரு பெரியவருக்குச் செட் உடைந்துவிட்டது, ரொம்ப அவசரம் என்றார். பாவம், இன்றைக்கு என்ன சாப்பிடுவாராம் என்று அவள் பரிதாபப்பட்டாள். கஞ்சிதான் என்று பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கினார். அவள் போகிற மாதிரி தெரியவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். பந்து கீச் கீச் என்று சத்தம் போட்டது.

"ஏங்க, காலையிலிருந்து நூறு தடவை அமுக்கிட்டேன். வலிக்கவே இல்ல. இப்ப எனக்குப் பலம் வந்திருச்சுன்னு நினைக்கிறேன்."

அவர் ம் என்றார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

இந்த மருந்து கெட்டியாக இறுக வேண்டுமென்றால் அழுத்தத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்க வேண்டும். அதற்குச் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு குக்கரைப் பட்டறையில் வைத்திருந்தார். ஒட்டிய கைப்பிடியை உள்ளே போட்டு, மூடி, அடுப்பைச் சின்னதாக எரியவிட்டார். இருபது நிமிஷம் அவர் அதை விட்டு நகரக் கூடாது. சூடு கூடினால் திரவம் கொதித்து உள்ளே குமிழ் விட்டுவிடும், குமிழ் விட்டால் பலம் போச்சு.

பத்தாவது நிமிஷம் வாசல் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மனைவி. ஒரு கையில் குழந்தைக்குத் தைத்த துணிகள் அடங்கிய பை, மறு கையில் கார்ச் சாவி. நேராகக் கார்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவர் வயதுக்கு அப்படி ஓடியிருக்கக் கூடாது. செருப்புக்கூடப் போடாமல் ஓடி, பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, நானே வைக்கிறேன், உள்ளே தூசியாக இருக்கிறது, இன்னும் துடைக்கவில்லை என்று உளறினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் ஏறிடுவேங்க. நீங்க என்னைவிடப் பயப்படுறீங்க" என்றாள் மெதுவாக. கை அவர் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.

பட்டறைக்குத் திரும்பியபோது குக்கர் சீறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்து, ஆறவைத்து, திறந்து, கைப்பிடியை விளக்கில் பிடித்துப் பார்த்தார். காதின் கழுத்திலேயே, கம்பிக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு குமிழ். தலையில் அடித்துக்கொண்டார். மணி ஒன்றே முக்கால். முழுதாகப் பெயர்த்துவிட்டு மறுபடி செய்யலாம் என்றால் பொடி டப்பாவில் அடிமட்டம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் குமிழை மட்டும் தோண்டி எடுத்து, பல் சொத்தையை அடைப்பதுபோல அந்தக் குழியை அடைத்தார். வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு செட்டைக் கொடுத்திருந்தால் இரண்டு மாதம் தாங்கும் என்று சொல்லியிருப்பார். அல்லது இரண்டு நாள் என்றும் சொல்லியிருக்கலாம்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கைப்பிடி கதவில் ஏறியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இழுத்தால் மட்டும் அடியில் ஒரு கோடு ரோஸ் தெரிந்தது. ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். திறந்தது. இரண்டாவது தடவைக்குக் கை போய், பாதியிலேயே நின்றுவிட்டது. சோதித்து உடைத்ததுதானே காலையில்? இப்போது இது பத்து இழுப்புத் தாங்குமா, நூறு தாங்குமா, அடுத்த இழுப்பிலேயே போய்விடுமா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு, அந்த வழியில் போக அவருக்குத் தைரியமில்லை.

சரியாக மூன்று மணிக்கு அவள் வந்தாள். கண்ணாடியைப் பாதி இறக்கச் சொன்னாள். இருக்கை நுனியில் உட்கார்ந்தாள். அப்புறம் முழுதாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கதவைத் தானே சாத்திக்கொண்டாள். சாத்திய கையோடு கைப்பிடியைப் பிடித்தாள். பல்செட்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது.

அவள் ஒரு கணம் நம்பாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி சாத்தி, மறுபடி இழுத்தாள். திறந்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்து சிரிப்பும் வந்துவிட்டது. "பாத்தீங்களா? என் கைதான். இந்தக் கைதான் திறந்துச்சு" என்றாள். பந்து வீண்போகவில்லை என்றாள். அன்றைக்கு மட்டும் இந்தப் பலம் இருந்திருந்தால் உங்களையும் அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேனே என்றும் சொன்னாள். பல்செட்காரர் வண்டியை எடுத்தார்.

ஊர் எல்லை தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, செங்கல் சூளைகள் தாண்டி வண்டி போனது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். குழந்தை யார் ஜாடை என்பதில் அவளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் போனிலேயே ஒரு பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. நேரில் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்றாள். வலது கை அவள் மடியில் இருந்தது. இடது கை மட்டும் கைப்பிடியை விடவேயில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கை இறுகுவதை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று அவள்கூடக் கேலி செய்தாள்.

அடிவாரம் தாண்டியதும் ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி குதித்தது. அவள் கை கைப்பிடியை வெடுக்கென்று பற்றியது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவளுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. முப்பது வருஷமாக ஒட்டும் உடைசலுமாகப் புழங்கியவர் காதுக்கு அது தப்புமா? காலையில் கேட்ட அதே சத்தமா, இல்லை பிளாஸ்டிக் ஏதாவது தன் இடத்தில் உட்கார்ந்த சத்தமா என்றுதான் தெரியவில்லை. அடுத்த வளைவில் தரைப்பாலம் வந்தது. வேறு ஆறு, வேறு பாலம். கணுக்காலளவு தண்ணீர்தான் பாலத்தின் மேல் நழுவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. அவர் கரையிலேயே வண்டியை நிறுத்தினார்.

மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இறங்கிப் போய்க் கதவை வெளியிலிருந்து திறந்துவிடலாம். பாலத்தை நடந்தே தாண்டிவிடலாமே என்று சொல்லலாம். மகள் வீட்டிலும் அதேபோல ஓடிப்போய்த் திறந்துவிடலாம். திரும்பி வரும்போதும் அப்படித்தான். புதன்கிழமை புதுக் கைப்பிடி வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் இறங்கினார், காரைச் சுற்றிக்கொண்டு போனார், வெளிக் கைப்பிடியில் கையை வைத்தார். உள்ளே அவள் அவரைப் பார்த்து, அந்தப் பயத்திலும், வெட்கத்தோடு சிரித்தாள்.

"மகாராணி இறங்கலாமா?" என்று அவளே கேட்டாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவரால் திறக்க முடியவில்லை. கையை எடுத்துவிட்டார். கைப்பிடி இப்போது அவள் கையில் உடைந்தால், ஆயுசுக்கும் தன் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள். பாதி இறங்கிய கண்ணாடி வழியாகக் குனிந்தார்.

"அன்னைக்குத் தண்ணி அழுத்தம்னு சொன்னது பொய். அந்தக் கைப்பிடி ரெண்டு மாசமா உடைஞ்சுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் தினம் வந்து திறந்துவிட்டேன். உன் கையில ஒரு குறையும் இல்ல. யார் இழுத்திருந்தாலும் அது திறந்திருக்காது."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், அப்புறம் மெல்ல வடிந்தது.

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசம்."

"மகாராணின்னு கூப்பிட்டதெல்லாம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதுவும் காலையில் உடைந்துவிட்டது, நான்தான் உடைத்தேன், ஒட்டிவைத்திருக்கிறேன், தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது என்று மிச்சத்தையும் கொட்டிவிட்டார். கொட்டியதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார் போலும். ஒன்றும் இறங்கவில்லை.

"தள்ளி நில்லு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிச் சொன்னதே இல்லை. அவர் இரண்டடி பின்னால் போனார். அவள் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. இறங்கவில்லை, கைப்பிடியை விடாமல் குனிந்து அதன் அடியைப் பார்த்தாள். அந்த ரோஸ் நிறத்தை முப்பது வருஷமாக அவர் சட்டையிலும் நகக்கண்ணிலும் துவைத்துக் கழுவியவள் அவள். காலையில் கஞ்சி குடித்த பெரியவர் யார் என்று இப்போது புரிந்திருக்கும். பிறகு இறங்கி நின்று தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, யாருடையதோ போலப் பார்த்தாள். கைப்பைக்குள்ளிருந்து மஞ்சள் பந்தை எடுத்தாள். ஆற்றில் எறியப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அதை அவர் கையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, தரைப்பாலத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாலம் தாண்டியதும் நின்றாள். அவர் நிறுத்தினார். தானே கதவைத் திறந்து, ஏறி, தானே சாத்திக்கொண்டாள். மிச்சம் இருந்த எட்டு மைலும் அவள் பேசவில்லை. கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது. திரும்பிப் போகச் சொல்வாளோ என்று அவர் ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தார். சொல்லவில்லை.

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். ஒன்றின் வாசலில் மகள் துணிச்சுருளாகக் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றாள். அம்மாவைக் காரில் பார்த்ததும் அவளுக்கு வாயே மூடவில்லை. அவர் எஞ்சினை அணைத்தார். கால் பழக்கதோஷத்தில் இறங்கி ஓடத் துடித்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைப்பிடி இழுபடும் சத்தம், பிறகு கதவு திறக்கும் சத்தம். ரோஸ் காது தாங்கிவிட்டது.

அவள் படியேறினாள். மகள் அழுகையும் சிரிப்புமாக, உள்ளே வாம்மா, முதலில் உட்கார், உட்கார்ந்ததும் மடியில் வைக்கிறேன், கையில் வேண்டாம் என்று என்னென்னவோ சொன்னாள். அவள் வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடு. நின்னுக்கிட்டே வாங்கிக்கிறேன். என் கையில ஒரு குறையும் இல்லையாம். உங்கப்பாவே சொல்லிட்டாரு."

மகள் புரியாமல் காரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள். அவள் வாங்கிய கை கொஞ்சமும் நடுங்கவில்லை. குழந்தையோடு அவள் உள்ளே போனாள், பின்னாலேயே மகளும் போனாள். பல்செட்காரர் இறங்கி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்திலேயே நின்றார். உள்ளேயிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை.